மூன்று ஓட்டை வைத்த பொய்

பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில், நகல் எடுக்கும் மெஷினுக்கும் குடிதண்ணீர்க் குழாய்க்கும் நடுவே ஒரு மேசை இருக்கிறது. மேலே 'தகவல் உதவி' என்று பலகை தொங்கும். அங்கே வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வைஃபை பாஸ்வேர்டு கேட்க வருவார்கள். மீதிப் பேர் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நூலகருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'யாருசொன்னா மேடம்'.

பெயர் சும்மா வந்துவிடவில்லை. புத்தகம் வாங்க வந்த ஒரு பெண் வாய் சும்மா இருக்காமல், "வெந்நீர் குடிச்சா ஞாபகசக்தி கூடுமாம் மேடம்" என்று சொல்லிவிட்டால் போதும்.

"யாரு சொன்னா?"

"எங்கயோ படிச்சேன் மேடம்."

"எங்கயோன்னா எங்க? எழுதினது யாரு? எந்த வருஷம்? வேற யாராவது அதையே சொல்லியிருக்காங்களா?"

அந்தப் பெண்ணுக்கு இருந்த ஞாபகசக்தியும் போய்விடும். எந்தப் புத்தகத்துக்காக வந்தோம் என்பதையே மறந்து வெறுங்கையோடு திரும்பிப் போனவர்கள் உண்டு.

அவள் கேட்பதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. எப்போதும் சரியாகவே பேசுகிறவள். சரியாகப் பேசுகிறவர்களைப் பல்கலைக்கழகம் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும். வீட்டில் இருப்பவர்கள் சம்பளம் இல்லாமல் தாங்கிக்கொள்ள வேண்டும். அவள் கணவர் தாங்கிக்கொண்டார். பல் மருத்துவர் ஒருவரிடம் கணக்குப் பார்க்கும் மனிதர் அவர். நாள் முழுக்க வாயைத் திறந்துவைத்திருப்பவர்களையே பார்த்ததாலோ என்னவோ, தன் வாயை அதிகம் திறக்கமாட்டார்.

மற்ற சொந்தபந்தங்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு சித்தப்பா இருந்தார். எழுபதைத் தாண்டியவர். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே நாலு செய்தியைத் தள்ளிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அதனால் அவருக்கு ஃபார்வர்டு சித்தப்பா என்றே பெயர். பேய்மழை வரப்போகிறது, முட்டைக்குள் பிளாஸ்டிக் இருக்கிறது, இந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காதே, எடுத்தால் போன் வெடிக்கும். அவர் தள்ளத் தள்ள இவள் நூலகத்தில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றுக்கும் பதில் போடுவாள். சும்மா பதிலா? எங்கே தொடங்கிய வதந்தி, யார் மறுத்திருக்கிறார்கள், எந்தத் தேதி என்று பத்தி பிரித்து எழுதுவாள். கடைசியில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: 'அனுப்புவதற்கு முன் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.'

வயதான மனிதரைப் பேரன் பேத்திகள் பார்க்கிற இடத்தில் அப்படிக் கேட்டால் அவருக்கு எப்படி இருக்கும் என்று அவள் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

கொஞ்ச காலத்தில் குரூப் அடங்கிப்போனது. பிறந்தநாள் வாழ்த்து, பூப்படம், யாராவது வீடு மாறினால் புது முகவரி. அவ்வளவுதான். மழையும் வரவில்லை, முட்டையும் கெடவில்லை. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"பாத்தீங்களா, நம்ம குடும்பமே திருந்திடுச்சு" என்றாள் கணவரிடம்.

"ஆமாமா" என்றார் அவர். தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அந்தத் தலை ஏன் தூக்கப்படவில்லை என்று அவள் கேட்டிருக்க வேண்டும். ஊரையே குறுக்கு விசாரணை செய்கிறவள், எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதரை விட்டுவிட்டாள்.

அவளுக்கு ஒரே அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். ஏறாத கட்டடம் இல்லை. இரும்புக் கயிறுகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டு, நின்றுபோன பெட்டியை நகர்த்தி, உள்ளே மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம், "பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல" என்று மேலிருந்து குரல் கொடுக்கிறவன். எந்த வேலைக்குப் போனாலும், அதை முடிப்பதற்குள், "என் தங்கச்சி யுனிவர்சிட்டில இருக்கா" என்று ஒரு தடவையாவது சொல்லிவிடுவான். அங்கே என்ன வேலை என்று யாராவது கேட்டால், "எது உண்மை எது பொய்னு அவதான் சொல்லணும், அந்த வேலை" என்பான்.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன். தங்கை படிக்கட்டும் என்றுதான் அவன் விட்டான் என்பது வீட்டில் எழுதாத சட்டம். அப்பாவும் அம்மாவும் கண் மூடும்வரை அதைத்தான் சொன்னார்கள். அவள் முதல் வகுப்பில் தேறியபோது சொன்னார்கள், வேலை கிடைத்தபோது சொன்னார்கள், கல்யாணத்தில் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்கள். யார் எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்கிறவள், இதை மட்டும் கேட்காமல் முதுகில் சுமந்துகொண்டே வந்தாள்.

அண்ணனுக்குச் சர்க்கரை. மாத்திரை என்றால் அவனுக்குக் கசப்பு. "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. எண்ணெய் போடுற மாதிரி போட்டுக்கிட்டே இருக்கணுமா? நான் என்ன லிஃப்டா?" என்பான். "இது ஒரு பழக்கம் பாப்பா. விட்டுப் பாத்தாத்தானே உடம்பு தானா வேலை செய்யும்? கம்பெனிக்காரன் விடுவானா?" அவளுக்கு ஐம்பதை நெருங்கும் வயது, அவனுக்கு இன்னும் பாப்பாதான்.

"யாருண்ணா சொன்னா?" என்பாள் அவள்.

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்று மாத்திரையைப் போட்டுக்கொள்வான்.

இப்படி இருக்கும்போதுதான் தலைமை நூலகர் எங்கோ ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தார். போனவர் சும்மா வரவில்லை. "இனிமே எல்லாம் மொபைல்தான். பசங்க போன்லதான் இருக்காங்க, நாமளும் அங்கயே போயிடணும்" என்றார். அதில் உண்மை இல்லாமலில்லை. தகவலைச் சோதித்துப் பார்ப்பது எப்படி என்று அவள் நடத்துகிற வகுப்புக்கு மாணவர்கள் வருகைப்பதிவுக்காக வருவார்கள். வந்து உட்கார்ந்து, மடியில் போனை வைத்துக் குனிந்துகொள்வார்கள். 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று அவள் பெரிதாக எழுதி மாட்டியிருந்த பலகைக்குக் கீழேதான் அந்தக் கூத்து நடக்கும்.

கணினித் துறையிலிருந்து ஒரு இளம் விரிவுரையாளரைச் சேர்த்துவிட்டார்கள். எங்கே போனாலும் சார்ஜரைக் கையில் சுற்றிக்கொண்டு, பிளக் எங்கே என்று சுவரைப் பார்த்துக்கொண்டே பேசுவான். அவள் அவனுக்குச் சார்ஜர் என்று பெயர் வைத்தாள். அவனுக்கும் அவளுடைய பட்டப்பெயர் தெரியும் என்பதால் கணக்கு நேராகிவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆப் செய்தார்கள். பெயர் 'சல்லடை'.

விளையாட்டு எளிது. தினமும் காலையில் மாணவர்களின் போனில் ஒரு செய்தி வந்து விழும். அது முதல் திரை. கீழே மூன்று பொத்தான்: யார் சொன்னது, எப்போது சொன்னது, வேறு எங்கே இருக்கிறது. மூன்றையும் அமுக்கி விசாரித்து, நம்பலாமா கூடாதா என்று முடிவு சொன்னால்தான் இரண்டாம் திரை திறக்கும். அங்கே பச்சையில் 'மெய்' என்றோ சிவப்பில் 'பொய்' என்றோ விடை வரும். உள்மதிப்பெண் உண்டு என்று அறிவித்ததும் அத்தனை பேரும் ஆப்பைப் போனில் இறக்கிக்கொண்டார்கள்.

மெய்களை எங்கிருந்தும் எடுக்கலாம். பொய்களை யாராவது எழுத வேண்டுமே. உலகத்தில் சுற்றுகிற நிஜப் பொய்களை எடுத்துப் போட்டால் தேடிப் பார்த்து ஒரே அடியில் விடை சொல்லிவிடுவார்கள். அதனால் புதிதாகவே எழுதுவது என்று முடிவானது. அவள் எழுத உட்கார்ந்தாள்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும் என்பார்கள். அவளுக்கு அது அவ்வளவு நன்றாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் பொய்யைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தவளுக்கு, அதை எப்படிப் பூட்டுவது என்பதும் கைவந்திருந்தது. ஆனால் ஒழுங்கு தப்பமாட்டாள். ஒவ்வொரு பொய்யிலும் மூன்று ஓட்டை வைப்பாள். எழுதியவர் பெயர் இருக்காது. தேதி இருக்காது. ஆய்வு நடந்ததாகச் சொல்லும் இடம் பூமியில் எங்கும் இருக்காது. விசாரிக்கத் தெரிந்தவன் ஓட்டைக்குள் விரலை விட்டுக் கிழித்துவிடலாம். 'சந்திப்பு ஆய்வு மையம்', 'நலவழி இதழ்' என்று இல்லாத இடங்களுக்குப் பெயர் வைத்துவிட்டு, சமையலறையில் தனியாக நின்று சிரிப்பாள். அத்தனை வருஷத்தில் அந்த வேலையில் அவள் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு பருவம்தான் என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றிலும் சிறந்தது சர்க்கரை மாத்திரைப் பொய். அதை எழுதும்போது, நம்பக்கூடிய ஆள் ஒருவனை மனதில் நிறுத்திக்கொண்டால் நன்றாக வரும் என்று தோன்றியது. அண்ணனை நிறுத்திக்கொண்டாள்.

'சர்க்கரை நோயாளிகளுக்கு நற்செய்தி. மூன்று மாதம் மாத்திரை வேண்டாம் என்கிறார்கள் சந்திப்பு ஆய்வு மையத்தின் ஆய்வாளர்கள். மாத்திரை என்பது ஒரு பழக்கம். நிறுத்திப் பார்த்தால்தான் உடம்பு தன் வேலையைத் தானே செய்யத் தொடங்கும். முதலில் கொஞ்சம் சோர்வு வரும். அது உடம்பு விழித்துக்கொள்வதன் அடையாளம். இதை மருந்து நிறுவனங்கள் உங்களுக்குச் சொல்லாது.'

அளவெடுத்துத் தைத்த சட்டை. சார்ஜர் படித்துவிட்டு, "மேடம், எங்கப்பா பாத்தார்னா இன்னைக்கே மாத்திரையத் தூக்கிப் போட்ருவார்" என்றான். அவள் பூரித்துப்போனாள்.

அந்த நேரத்தில்தான் முத்திரைச் சண்டை வந்தது. ஆப்பைத் திறந்தால் முதலில் கணினித் துறையின் பெயர் பெரிதாக வந்தது. நூலகத்தின் பெயர் கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி. அவள் தலைமை நூலகர் அறைக்குள் புயலாக நுழைந்தாள்.

"மண்டையப் போட்டு உடைச்சு எழுதினது நான். பேரு அவங்களுக்கா சார்?"

சமாதானக் கூட்டம் போட்டார்கள். கடைசியில் ஒவ்வொரு திரையின் உச்சியிலும் பல்கலைக்கழக முத்திரையும், அதன் கீழ் 'நூலகம் வழங்குவது' என்ற வரியும் போடுவது என்று முடிவானது. சார்ஜர் மட்டும் இழுத்தான்.

"எல்லா ஸ்க்ரீன்லயுமா மேடம்? முதல் ஸ்க்ரீன்ல வெறும் செய்திதானே இருக்கு. அதுக்கு மேலயும் சீல் வேணுமா?"

"எல்லாத்துலயும்" என்றாள். அன்றைக்கு ஜெயித்துவிட்டோம் என்று வீட்டுக்கு ஆட்டோவில் போனாள்.

மாணவர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். மூன்று பொத்தானை அமுக்கி விசாரிக்க யாருக்குப் பொறுமை? முதல் திரையைப் படம் பிடித்து வகுப்பு குரூப்பில் போட்டு, 'இது மெய்யா பொய்யா, யாராவது முடிச்சிட்டீங்களா?' என்று கேட்டார்கள். ஒருத்தன் சொன்னால் மற்றவர்கள் அதையே அமுக்கினார்கள். செய்தி வந்து கண் மூடித் திறப்பதற்குள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சரியான விடை. இவ்வளவு வேகமாக யாரும் விசாரிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டாள். வரைபடம் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. தலைமை நூலகர் அதை வண்ணத்தில் அச்சடித்து வாசலில் ஒட்டியிருந்தார்.

படம் பிடித்த திரைகள் வகுப்பு குரூப்போடு நிற்குமா? ஒருத்தி தன் அக்காவுக்கு அனுப்பியிருப்பாள், அக்கா அலுவலகத்துக்கு அனுப்பியிருப்பாள். 'பொய்' என்று சொல்லும் இரண்டாம் திரை போனுக்குள்ளேயே பத்திரமாக இருந்தது. முதல் திரை மட்டும் முத்திரையோடு ஊர்வலம் கிளம்பிவிட்டது.

சில மாதம் கழித்து, பல்கலைக்கழகத்தை மதிப்பிட வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டுக் குழு வந்தது. கருத்தரங்க அறையில் அவள் சல்லடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். மேசைமேல் போன் அதிர்ந்தது. அண்ணி. அழைப்பை நிறுத்தினாள். மறுபடியும் அண்ணி. மறுபடியும் நிறுத்தினாள். குழுத் தலைவர் கைதட்டி முடித்து, எல்லோரும் டீ குடிக்கக் கிளம்பிய பிறகுதான் வராந்தாவில் நின்று கூப்பிட்டாள்.

"எத்தனை தடவை கூப்பிடுறது?" அண்ணியின் குரல் உடைந்திருந்தது. "உங்கண்ணனை ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். காலு... நீ வா."

போனாள். கணவர் அவளுக்கு முன்பே அங்கே இருந்தார். அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தான். வலது கால் கட்டுக்குள் இருந்தது. கட்டையும் மீறி ஒரு வாடை அடித்தது. வேலைக்குப் போடும் கனமான பூட்ஸுக்குள் ஒரு சின்ன இரும்பு வாஷர் விழுந்து கிடந்திருக்கிறது. உள்ளங்காலில் உணர்ச்சி குறைந்திருந்ததால் அதன்மேலேயே நாள் முழுக்க நடந்திருக்கிறான். புண் வந்தது தெரியவில்லை, அழுகியதும் தெரியவில்லை. காய்ச்சலில் விழுந்த பிறகுதான் பூட்ஸைக் கழற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். தங்கையிடம்தான் கோபப்பட்டாள். "சர்க்கரை மாத்திரையை நிறுத்தி மூணு மாசம் ஆகுதாம். சர்க்கரை எங்கயோ போய் நிக்குது. படிச்சவங்க நீங்க வீட்ல இருக்கீங்கல்ல, யார் நிறுத்தச் சொன்னது?"

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். பயம் வந்தால் அவளுக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"யாருண்ணா சொன்னா? எந்த முட்டாள் சொன்னான்?"

அண்ணன் கொஞ்சம் கூசினான். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்துத் தடவித் தடவிப் பார்த்து, அவளிடம் நீட்டினான்.

"முட்டாள்லாம் இல்ல பாப்பா. உங்க யுனிவர்சிட்டியே சொல்லியிருக்கு. பாரு, சீல் இருக்கு."

'சர்க்கரை நோயாளிகளுக்கு நற்செய்தி' என்று தொடங்கியது. உச்சியில் முத்திரை, அதன் கீழே 'நூலகம் வழங்குவது'. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. எழுதியவர் பெயர் இல்லை, தேதி இல்லை, பூமியில் இல்லாத ஆய்வு மையம் இருந்தது. அவள் வைத்த மூன்று ஓட்டையும் வைத்த இடத்திலேயே இருந்தன.

"முதல்ல அசதியா இருந்துச்சு" என்றான் அவன். "உடம்பு முழிச்சுக்குது, அப்படித்தான் இருக்கும்னு போட்டிருந்துச்சு. அதான் பொறுத்துக்கிட்டேன்."

"இது எப்படி உனக்கு வந்துச்சு?"

"சித்தப்பா குரூப்ல போட்டார்."

"குரூப்ல வரலையே. நான் தினமும் பாக்குறேனே."

அண்ணி, இவளுடைய கணவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதியை அண்ணி சொன்னாள்.

"அது வேற குரூப்பும்மா. நீ இல்லாதது. எல்லாரும் அதுலதான் இருக்கோம். எதைப் போட்டாலும் நீ பாடம் எடுக்கிறன்னு சித்தப்பா தனியா ஆரம்பிச்சார்."

அவள் கணவரிடம் கேட்டாள். "நீங்களுமா?"

"நான் எதுவும் போடமாட்டேன்" என்றார். "சும்மா பாத்துட்டு விட்ருவேன்."

"இதையும் பாத்தீங்களா?"

"பாத்தேன். முத்திரை இருந்துச்சு. உங்க ஆளுங்க செஞ்ச ஆராய்ச்சியா இருக்கும்னு நினைச்சேன். நீ ஆப் பத்திச் சொல்லும்போதெல்லாம்..." அவர் நிறுத்திக்கொண்டார். அவள் ஆப்பைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

விரலோடு போகும் என்றார்கள். பிறகு பாதம் என்றார்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் காலையில் அவள் தலைமை நூலகர் முன்னால் நின்றாள். ஆப்பை நிறுத்த வேண்டும், அந்தச் செய்தி பொய் என்று பல்கலைக்கழகமே வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்றாள். அவர் இரக்கமாகத்தான் கேட்டார். நாற்காலியைக் காட்டினார், தண்ணீர் கொடுத்தார்.

"உங்க அண்ணனுக்கு நடந்தது ரொம்ப வருத்தம்மா. ஆனா நம்மது பயிற்சி. பாதியைப் படம் பிடிச்சு வெளிய விட்டது யாரோ. அதுக்கு நாம எப்படிப் பொறுப்பாக முடியும்? மதிப்பீட்டுக் குழு வேற நல்லா எழுதியிருக்கு. இப்பப் போய் அறிவிப்பு கிறிவிப்புன்னா..."

"முதல் திரையில முத்திரை இருக்கு சார். அதனாலதான் நம்பினாங்க."

சார்ஜரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். பிளக்கைத் தேடவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "அது நீங்க கேட்டதுதானே மேடம்."

குத்திக்காட்டச் சொன்னானா, நடந்ததைச் சொன்னானா தெரியாது. இரண்டும் ஒன்றுதான். ஊசியைப் பார்த்து உன் தலையில் ஓட்டை என்றதாம் சல்லடை.

அறிவிப்பு வரவில்லை. முதல் திரையின் அடியில் 'பயிற்சிக்கு மட்டும்' என்று ஒரு வரி சேர்த்தார்கள், படம் பிடித்தால் வெட்டுப்பட்டுப் போகிற இடத்தில். அவளே தன் பெயரைப் போட்டு, அந்தச் செய்தி பொய், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று எழுதி, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் அனுப்பினாள். எழுதியவர் பெயர் இருந்தது, தேதி இருந்தது, மூன்று இடத்து ஆதாரம் இருந்தது. அதில் ஓட்டையே கிடையாது. யாரும் அதை மேலே அனுப்பவில்லை. ஒரே ஒரு பதில் வந்தது, யாரோ முகம் தெரியாத ஆளிடமிருந்து: 'மருந்துக் கம்பெனி எவ்வளவு குடுத்துச்சு?' இதை மருந்து நிறுவனங்கள் உங்களுக்குச் சொல்லாது என்று அவள் எழுதிவைத்திருந்தாள் அல்லவா, அவளே போட்ட அந்தப் பூட்டு எந்தச் சாவிக்கும் திறக்கவில்லை.

இனி ஒரே ஒரு ஆளிடம் சொல்ல வேண்டியிருந்தது. தள்ளித் தள்ளிப் போட்டாள். அண்ணன் ஒவ்வொரு நாளும், "பரவாயில்ல பாப்பா, யுனிவர்சிட்டின்னாலும் மனுசங்கதானே, ஆராய்ச்சியில தப்பு நடக்கத்தானே செய்யும்" என்று அவளுக்கே ஆறுதல் சொன்னான். அதைத் தாங்குவது, அவன் திட்டினால் தாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. எங்கே சொன்னால் இந்த ஒரு அண்ணனும் இல்லாமல் போய்விடுவானோ என்ற பயம்தான். அவளைப் பற்றி ஊரெல்லாம் பெருமையாகப் பேச வேறு யாரும் இருந்ததில்லை.

அண்ணனை வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் பிற்பகலில் சொன்னாள். அண்ணி துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, அது ஆராய்ச்சி இல்ல. அப்படி ஒரு ஆராய்ச்சியே கிடையாது. அதை எழுதினது நான்தான்."

"எதை?"

"மாத்திரையை நிறுத்தச் சொன்னதை. பசங்க பொய்யைக் கண்டுபிடிக்கப் பழகணும்னு நானே கட்டி எழுதினது. நீ பேசுவியே, பழக்கம், கம்பெனிக்காரன்னு... உன்னை மனசுல வச்சுத்தான் எழுதினேன்."

அண்ணன் தலையணைக்கு அடியிலிருந்த போனை ஒருமுறை தடவிப் பார்த்தான். பிறகு, "அதான் பாத்தேன்" என்றான். "படிக்கும்போதே, என் மனசுல இருக்கிறதை யாரோ எடுத்து எழுதின மாதிரி இருந்துச்சு."

அண்ணியின் கையில் துணி அப்படியே நின்றது. "ஏமாளிக்கு உதாரணம் காட்ட உனக்கு எங்க வீட்டு ஆளுதான் கெடச்சாரா?" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

அவள் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். சத்தியமாக அதற்குத்தான். ஆனால் பழகின வாய், வேறொன்றைக் கேட்டுவிட்டது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணா."

"கேக்கலாம்னுதான் போனை எடுத்தேன்" என்றான் அவன். "உன் பேரை அமுக்கவும் செஞ்சேன். ரிங் போறதுக்குள்ள கட் பண்ணிட்டேன்."

"ஏன்?"

"நீ யாரு சொன்னான்னு கேப்ப. எனக்குச் சொல்லத் தெரியாது. எழுதினது யாரு, எந்த வருஷம்னு அடுக்குவ. நான் முழிக்கணும்." போர்வையை இழுத்து, கால் இருந்த இடத்தைச் சரிசெய்தான். "நான் உனக்காகப் படிப்பை விட்டேன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நானும் இல்லன்னு சொன்னதில்ல, நல்லா இருந்துச்சு கேக்க. உண்மை அது இல்ல பாப்பா. கணக்கு வாத்தியார் தினமும் எழுப்பி நிக்க வச்சுக் கேள்வி கேப்பார். பதில் தெரியாம நிப்பேன். மொத்த கிளாஸும் பாத்துச் சிரிக்கும். அதுக்குப் பயந்துதான் ஓடினேன். வேற ஒண்ணுமில்ல. இத்தனை வயசுக்கு மேல, அதுவும் உன் முன்னாடி, மறுபடியும் அப்படி எந்திரிச்சு நிக்கணுமான்னு..."

சொல்லிக்கொண்டு வந்தவன், எந்திரிச்சு நிற்பது என்ற சொல்லில் தானே தடுக்கி நின்றுவிட்டான். பக்கத்துக் கட்டிலில் யாரோ ரேடியோவின் ஒலியைக் கூட்டினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து மாத்திரை வேளை வந்தது. அண்ணன் புது அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று அண்ணியிடம் கேட்டான்.

அண்ணிக்குத் தெரியவில்லை. "இரு, நர்ஸ் கிட்ட கேட்டுட்டு வந்துடறேன்" என்று மடித்த துணியைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

கட்டில் ஓரத்தில் நின்றிருந்தவளுக்குத் தெரியும். காலையிலேயே டாக்டரிடம் கேட்டு, அட்டையோடு வந்த தாளையும் முழுக்கப் படித்து, இரண்டையும் ஒத்துப்பார்த்து வைத்திருந்தாள். சாப்பாட்டுக்குப் பின்னாடி. அண்ணி அவளைத் தாண்டித்தான் வராந்தாவுக்குப் போனாள். அண்ணன் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அண்ணி திரும்பி வருவதற்காக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளை யாரும் கேட்கவில்லை.